தெருக்குத்துச் சுவர்

மோகனசுந்தரத்துக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் ஒரு அறிகுறி உண்டு. இடது கைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார். அவருக்கே அது தெரியாது, பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். விரல் மடங்கியதற்கும் ஆள் விழுவதற்கும் நடுவில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம் இருக்கும். அதற்குள் யாராவது தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டால் அடிபடாது. விழுந்துவிட்டாலும் செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் வடிகிற எச்சில் வெளியே போக வேண்டும். மூக்குக்கு எதிரே மண்ணோ துணியோ இருக்கக் கூடாது. இழுப்பு தானாக வந்த மாதிரியே தானாக நின்றுவிடும். பெரும்பாலும் ஆளைக் கொல்வது வலிப்பு இல்லை. எங்கே விழுந்தார், எப்படி விழுந்தார், பக்கத்தில் யார் இருந்தார் என்பதுதான்.

கஞ்சிக்கோடு ஊரை ஒட்டி, மூடிப்போன நூல் மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் இது எல்லாருக்கும் தெரியும். மோகனசுந்தரம் விழுந்தால் முதலில் ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார். இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்பது பழைய நம்பிக்கை. அதனால் ஒன்றும் ஆகாது என்று கோயம்புத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் மோகனசுந்தரத்தின் மனைவி கற்பகம் யாரையும் தடுத்ததில்லை. சாவியோடு ஓடி வருகிறவர்தானே ஆளைத் திருப்பியும் போடுகிறார்.

அந்த வீடுகள் அமைந்திருந்த விதமே அப்படி. நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்குப் பாதை. இரண்டு பக்கமும் வரிசையாக வீடுகள், எதிரெதிரே கதவுகள். உள்ளே புழுக்கமாக இருக்கும் என்பதால் அரிசி புடைப்பது, தலை வாருவது, சண்டை போடுவது எல்லாமே வாசலில்தான் நடக்கும். கற்பகம் தன் வீட்டின் முன்னறையில் மெஸ் வைத்திருந்தாள். காலையில் இட்லி, மத்தியானம் சோறு. கம்பெனி ஆட்கள் வந்து சாப்பிடுவார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்கூட மோகனசுந்தரத்தை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் ஊர் வழக்கத்தைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார். சாயங்காலம் மெயின் ரோட்டு முக்கு வரை நடந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். தலையில் அடிபட்டு மில் வேலை போன பிறகு, தனக்கென்று அவர் வைத்துக்கொண்டது அந்த நடை ஒன்றைத்தான். கூட ஆள் அனுப்பினால் கோபம் வரும். அனுப்ப வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பாதை முழுக்கக் கண்கள் இருந்தன.

லைன் வீடுகளின் கூரை ஒழுக ஆரம்பித்து, ஒரு மழையில் ஒரு பக்கச் சுவரும் சரிந்தபோது, பழைய தொழிலாளர்கள் சேர்ந்த வீட்டுவசதி சொசைட்டி அந்த இடத்தில் அடுக்குமாடி கட்டத் தீர்மானித்தது. கீழ்த்தளம், அதற்கு மேல் நான்கு மாடி. வரைபடம் போட்டவள் நிமி. பாலக்காட்டில் ஒரு சின்ன அலுவலகம் வைத்திருக்கும் ஆர்க்கிடெக்ட். சொந்த ஊர் மாட்டுப்பட்டிப் பக்கம். அப்பா சூசையப்பன் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நிமி லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள் என்பதால், இந்த வீடுகளைப் பார்த்த முதல் நாளே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இங்கே காப்பாற்ற வேண்டியது கூரையை இல்லை, வாசலை.

அவள் அட்டையில் செய்து கொண்டுவந்த மாதிரிக் கட்டடத்தைப் பழைய மில் கேன்டீனில் வைத்து எல்லாருக்கும் விளக்கினாள். ஒரு தெருவைப் பார்த்துக்கொள்வது கீழ்த்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும்தான் என்றாள். அந்த உயரத்திலிருந்து கீழே போகிறவரின் முகம் தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது கேட்கும். அதற்கு மேலே போனால் தலைகள்தான் தெரியும். ஆகவே கீழ்த்தளம் மிக முக்கியம். அதை வண்டி நிறுத்தக் கொடுத்துவிட்டால் மேலே எத்தனை குடும்பம் இருந்தாலும் தெருவுக்கு அது காலி மனைதான். அதனால் கீழே வரிசையாகக் கடைவீடுகள் வைத்திருந்தாள். முன்னால் கடை, பின்னால் குடியிருப்பு. கதவுகள் நேராகத் தெருவில் திறக்கும். மாடி வீடுகளின் சமையலறை ஜன்னல்களும் அதே பக்கம். வண்டிகளுக்குப் பின்பக்கம் ஒரு ஓரம்.

மெயின் ரோட்டிலிருந்து வரும் பாதை நேராக வந்து இந்த மனையில்தான் முட்டும். முட்டுகிற இடத்தில் நடுக்கடை. அதைக் கற்பகத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். மோகனசுந்தரத்தின் நிலைமை தெரிந்து சொசைட்டியே செய்த ஏற்பாடு அது. அடுப்படியில் நின்றபடியே பாதை முழுவதையும் கற்பகம் பார்க்கலாம். கற்பகம் அந்த அட்டைக் கட்டடத்தின் சின்னக் கதவை விரலால் தொட்டுப் பார்த்தாள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

அட்டையில் பார்ப்பது வேறு, தரையில் பார்ப்பது வேறு. பழைய வீடுகளை இடித்துச் சமன் செய்து, சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்ட நாளில் கற்பகம் தன் கடை வாசல் வரப்போகும் இடத்தில் போய் நின்றாள். அதற்கு முன்பு பாதை மனைக்குள்ளும் நீண்டு ஓடியது, வீடுகள் அதன் இரண்டு பக்கமும் இருந்தன. யார் வாசலிலும் பாதை முட்டவில்லை. இப்போது மெயின் ரோட்டிலிருந்து பாதை அம்பு மாதிரி வந்து அவள் காலடியில் நின்றது.

அவள் நிற்கும் இடத்தைப் பார்த்து நிமி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இதா அம்மிணி எங்கூட்டு வாசலு?" என்று கேட்டாள் கற்பகம்.

"ஆமாக்கா, இதான் கடை. முக்குல பஸ்ஸ விட்டு எறங்குற ஆளு அங்கன இருந்தே ஒங்க அடுப்பப் பாத்துருவான். நடந்து வர்ற வரைக்கும் அவனுக்கு வேற எதுவுமே கண்ணுல படாது. இந்த மனையிலயே இதவிட நல்ல எடம் கெடையாது."

"அதேதாங் கண்ணு எனக்குப் பயமா இருக்குது."

தெருக்குத்து என்பதை நிமிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கும் தெரியும். நேராக வரும் தெரு ஒரு வீட்டின் வாசலில் முட்டினால், தெருவில் வருவதெல்லாம் அந்த வீட்டுக்குள் பாயும், குடும்பத்தலைவனைத்தான் முதலில் அடிக்கும் என்பார்கள். அப்படிப்பட்ட மனையை விற்பதே கஷ்டம். கட்டியே ஆக வேண்டும் என்றால் முட்டுகிற இடத்தில் ஒரு பிள்ளையாரை வைப்பார்கள். ஆனால் நிமிக்குத் தெரியாத ஒன்று இருந்தது. கல்யாணமான புதிதில் கற்பகமும் மோகனசுந்தரமும் வாளையாறு பக்கம் வாடகைக்கு இருந்த வீடு தெருக்குத்து வீடு. அந்த வீட்டில் இருக்கும்போதுதான் மில்லில் கயிறு அறுந்து கப்பி அவர் தலையில் விழுந்தது. மண்டைக்குள் ஏற்பட்ட அந்தத் தழும்பிலிருந்துதான் வலிப்பு. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த கற்பகத்திடம், அந்த வீட்டுக்கு ஏன் போனீங்க என்று கேட்காத ஆள் இல்லை. மெயின்டெனன்ஸ் இல்லாத மில்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வீட்டைப் பற்றித்தான் கேட்டார்கள். அந்தக் கேள்வி இத்தனை வருஷமாக அவளுக்குள் இருந்தது.

நிமி அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பிப் போய் வரைபடத்தை மாற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பாதை முட்டுகிற இடத்தில் ஒரு மேடை, அதில் பிள்ளையார், பக்கத்தில் ஒரு புங்கமரம். கற்பகத்தின் கதவு நேராக இல்லாமல் மேடைக்கு ஒதுங்கினாற்போல ஒரு பக்கம். மற்றக் கடைகளின் கதவுகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். பாதை பிள்ளையாரிடம் வந்து நிற்கும், ஆட்கள் மரத்தடியில் நிற்பார்கள், கதவுகள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். பழைய ஊர்களில் தெரு முனைகள் இப்படித்தான் இருக்கும். புதிதாக அவள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் அதற்குள் பேச்சு சொசைட்டி முழுக்கப் பரவியிருந்தது. ஒரு கடைக்குத் தெருக்குத்து என்றால் கட்டடத்துக்கே தெருக்குத்துதானே என்று ஒருவர் கேட்டார். மேல்மாடிக்காரர்கள் தங்கள் சமையலறை ஜன்னலையும் அந்தப் பக்கம் வேண்டாம் என்றார்கள். சொசைட்டித் தலைவர் தங்கதுரை, மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், கெட்டவர் இல்லை. அவருக்கு வேறொரு தலைவலி இருந்தது. பாதிப் பேர் தவணையில் கார் எடுத்திருந்தார்கள், எடுக்கப்போகிறார்கள். பின்பக்க ஓரத்தில் அத்தனை காரும் நிற்காது. தெருப் பக்கம் சுவர் எழுப்பிவிட்டு, கீழ்த்தளம் முழுவதையும் பார்க்கிங் ஆக்கிவிட்டு, மாடி ஜன்னல்களை மறுபக்கம் திருப்பிவிட்டு, கேட்டைப் பக்கவாட்டு ரோட்டில் வைத்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் ஒரேயடியாகத் தீர்ந்துவிடும். கடைவீடு கேட்டவர்களுக்கு மாடியில் வீடு.

கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். நிமி புது வரைபடத்தைச் சுவரில் ஒட்டி விளக்கி முடித்தபோது, பலருக்கு அது பிடித்தும் இருந்தது. தங்கதுரை கற்பகத்தின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இது உங்க ஊட்டுக்காரரு காரியம். நீங்களே சொல்லிருங்க. பிள்ளையார வெச்சு, கதவ அக்கட்டால தள்ளிக்கிட்டா உங்களுக்குச் சம்மதந்தானுங்களா? இல்ல, மொத்தமாச் செவுரே வெச்சுப்போடலாமா?"

கற்பகம் தன் கணவனைப் பார்த்தாள். அவர் பெஞ்சின் கோடியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னைய எதுக்குப் பாக்கற? தெரு வந்து மோதுச்சுன்னா நான் கொஞ்சம் நவுந்து உக்காந்துக்கறேன்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நிமியும் சிரித்தாள். கற்பகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மெஸ் போய்விடும் என்பது அவளுக்குத் தெரியும். அடுப்படியிலிருந்து பாதையைப் பார்க்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் பார்த்துக்கொண்டிருப்பது எதற்கு? அவர் விழுந்தால் ஓடுவதற்கு. விழவைப்பதே வாசலாக இருந்தால்? வாளையாற்று வீட்டிலும் அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், அவர் வேலைக்குப் போவதை.

"செவுரே வெச்சிருங்க" என்றாள்.

கூட்டம் அத்தோடு முடிந்தது. யார் கேட்டாலும் தங்கதுரை, கற்பகத்தக்காவே வேண்டாம்னு சொல்லிட்டாங்க என்று சொல்லிக்கொள்ள வழி கிடைத்தது.

நிமி வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. சுவர்தான் என்றால் அது நல்ல சுவராகவாவது இருக்கட்டும் என்று நினைத்தாள். வெறும் சிமெண்டு பூசிய சுவர் தெருவைப் பார்த்து நின்றால் நடந்து வருகிறவருக்குச் சிறைச்சாலை மாதிரி இருக்கும். அதனால் பூசாத செங்கல்லில் கட்டச் சொன்னாள். ஒன்று விட்டு ஒரு கல் இரண்டு விரல்கடை வெளியே துருத்தும்படி வரிசை வைத்தாள். இப்படி வைத்தால் ஒவ்வொரு கல்லும் தனக்குக் கீழே ஒரு நிழலைப் போடும். சூரியன் நகர நகர நிழல் நீளும், குறுகும். காலையில் ஒரு சுவர், மாலையில் வேறு சுவர். நடுவில் ஒரு மாடம், அதில் கருங்கல் பிள்ளையார். அடியில் சுவரின் நீளத்துக்கும் ஒரு பாத்தி வெட்டி, எருக் கலந்த செம்மண் நிரப்பி, இட்லிப்பூச் செடி வைத்தாள். இட்லிப்பூவை நெருக்கமாக நட்டு நுனி கிள்ளிவிட்டால் பக்கவாட்டில் கிளைத்து, இடுப்பு உயரத்துக்கு வேலி மாதிரி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் அதிகம் கேட்காது. வருஷம் முழுக்கச் சிவப்பாகப் பூக்கும்.

கட்டடம் அழகாக வந்தது. அதில் சந்தேகமே இல்லை. சாதாரணத் தொழிலாளர் குடியிருப்புக்கு இப்படி ஒரு முகப்பா என்று கட்டடக்கலைப் பத்திரிகை ஒன்றில் படத்தோடு எழுதினார்கள். தெருவுக்கு மரியாதை தரும் கட்டடம் என்று அதில் ஒரு வரி இருந்தது. கல்யாண ஜோடிகள் வந்து சுவரின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தங்கதுரை அந்தப் பத்திரிகைப் பக்கத்தைச் சட்டம் போட்டு லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

சுவர் அழகாக இருந்தாலும், அதன் முன்னால் செய்வதற்கு யாருக்கும் எந்த வேலையும் இல்லை. ஒரு கதவு இருந்தால் அதை ஒருவர் திறப்பார், கூட்டுவார், கோலம் போடுவார், யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பார். ஒரு கடை இருந்தால் வாங்க ஒருவர் வருவார், அவரைப் பார்த்துப் பேச இன்னொருவர் நிற்பார். சுவரின் முன் நிற்கிறவரிடம் இங்கே ஏன் நிற்கிறாய் என்றுதான் கேட்பார்கள். கேட் பக்கவாட்டு ரோட்டுக்குப் போனதும் குடியிருப்பவர்களின் கால் அந்தப் பக்கம் பழகிவிட்டது. மெஸ் இல்லாததால் கம்பெனி ஆட்கள் பாதையில் வருவதும் குறைந்தது. பாதையின் ஒரு பக்கம் ஒரு தொழிற்சாலையின் மதில், மறுபக்கம் புதர் மண்டிய காலி மனை. மெயின் ரோட்டுக்கும் மனைக்கும் நடுவில் முன்பும் அப்படித்தான் இருந்தது. ஆனால் கோடியில் ஒரு அடுப்பு எரிந்துகொண்டிருந்ததால் யாரும் அதைக் கவனித்ததில்லை.

கற்பகத்துக்கு மூன்றாம் மாடியில் வீடு. நல்ல வீடுதான், காற்று வரும், கூரை ஒழுகாது. காலையில் சோறும் குழம்பும் ஆக்கிப் பாத்திரத்தில் கொடுத்தால் ஒரு கம்பெனி ஆட்டோ வந்து எடுத்துக்கொண்டு போகும். வீட்டுக் கதவை எல்லாரும் சாத்தியே வைத்திருந்தார்கள். யாருக்கும் யார்மேலும் கோபம் இல்லை. இரண்டு பக்கமும் கதவுகள் உள்ள இருட்டு நடையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்க்க எதுவும் இல்லை, அவ்வளவுதான். மோகனசுந்தரத்துக்கு ஒருமுறை நடையிலேயே வலிப்பு வந்தது. எதிர்வீட்டுப் பிரதீப் பிறகுதான் கேள்விப்பட்டு, ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம் என்று நினைத்தேனே என்று வருத்தப்பட்டான். அவன் சொசைட்டிக்குப் புதிது. கட்டைவிரல் விஷயம் அவனுக்குத் தெரியாது.

மோகனசுந்தரம் சாயங்கால நடையை மட்டும் விடவில்லை. லிஃப்ட்டில் இறங்கி, கேட் வழியாக வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றிச் சுவருக்கு முன்னால் வந்து, அங்கிருந்து பாதையில் நேராக முக்குக்குப் போவார். கற்பகம் கூட வருகிறேன் என்றபோது, என்னையென்ன பால்வாடிக்கா கூட்டிட்டுப் போற என்று கேட்டார். அவள் வற்புறுத்தவில்லை. தெருக்குத்துக்குத்தான் சுவர் வைத்தாயிற்றே என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது. போகும்போதும் வரும்போதும் மாடத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வாங்க என்று மட்டும் சொல்லி அனுப்புவாள்.

ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம் மழை மேகம் கட்டியிருந்தது. டீ குடிக்கப் போனவர் வழக்கமாக வரும் நேரத்துக்கு வரவில்லை. தூறல் போட்டதால் கடையிலேயே உட்கார்ந்திருப்பார் என்று கற்பகம் நினைத்தாள். தூறல் நின்றும் வராததால் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு சுவருக்கு முன்னால் வந்து நின்று பாதையைப் பார்த்தாள். நேர்ப்பாதை. கோடி வரைக்கும் தெரிந்தது. யாருமே இல்லை. ஆகவே அவர் பாதையில் இல்லை, கடையில்தான் இருக்கிறார் என்று வேகமாக நடந்தாள். கடைக்காரர், அப்பவே போயிட்டாருங்களே என்றார்.  மெயின் ரோட்டில் பஸ் ஸ்டாப் பக்கம் ஓடினாள், ரயில்வே கேட் பக்கம் ஓடினாள், மருந்துக்கடையில் கேட்டாள்.

அவர் விழுந்திருந்தது சுவரின் அடியில், செடிகளுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருந்த இடுக்கில். மாடத்தைத் தொட்டுக் கும்பிடப் பாத்திக்குள் காலை வைத்திருக்க வேண்டும். முகம் எருக் கலந்த ஈரமண்ணில் பதிந்திருந்தது. உடம்பில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. மண் அவ்வளவு மெத்தென்று இருந்தது. மூச்சு விட முடியாமல் போனதற்கும் அதுவேதான் காரணம். இட்லிப்பூச் செடி நிமி சொன்ன மாதிரியே நன்றாக அடைத்துக்கொண்டு வளர்ந்திருந்தது. பாதையிலிருந்து பார்த்தால் சிவப்புப் பூக்கள் மட்டும்தான் தெரியும். கற்பகம் தேடிப் புறப்பட்டபோது நின்று பாதையைப் பார்த்தாளே, அந்த இடத்திலிருந்து கை நீட்டினால் தொடும் தூரம்.

பார்த்தவர் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு வெல்டர். முன்பு மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். செடியின் ஓரம் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் சேறான காலைக் கழுவக் குனிந்தபோது ஒரு செருப்பைக் கண்டார். செடியை விலக்கியவர், மாமா என்று கத்தினார். அந்தக் குரலைக் கேட்க அங்கே யாரும் இல்லை. சுவருக்குப் பின்னால் கார்கள் நின்றன. அவரே தோளில் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் சுற்றி ஓடினார்.

கார்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் பார்க்கிங்கில்தான் கிடத்தினார்கள். வந்தவர்கள் பேசிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். செவுரு வெச்சும் குத்து விடல பாருங்க. எத்தன வீரியமுள்ள குத்தா இருந்தா செவுத்தடிக்கே கூப்புட்டு அடிச்சிருக்கும். ஆறுதலுக்காகச் சொன்னார்கள். விதி இது, நீ என்ன செய்ய முடியும் என்று கற்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். 

காரியமெல்லாம் முடிந்த பிறகு சொசைட்டி கூடியது. சுவரை இன்னும் உயர்த்துவது, மாடத்துப் பிள்ளையாருக்குப் பதில் பெரிய பிள்ளையாராக வைப்பது என்று பேச்சு போனது. நிமியையும் அழைத்திருந்தார்கள். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கற்பகம் எழுந்து நின்றாள். அந்தச் சுவரில் ஒரு கதவு வைக்க வேண்டும் என்றாள். பின்னால் அவள் வீட்டுக்கென்று ஒதுக்கிய பார்க்கிங் இடம் காலியாகத்தான் கிடக்கிறது, அவளிடம் வண்டி இல்லை. அந்த இடத்தில் ஒரு அடுப்பு வைத்துக்கொள்கிறேன், பகலில் கதவைத் திறந்துவைக்கிறேன் என்றாள்.

முடியுமா என்று தங்கதுரை நிமியைப் பார்த்தார். முடியும் என்றாள் நிமி. கட்டடத்தைத் தாங்குவது தூண்கள்தான், அந்தச் சுவர் தன்னைத் தவிர வேறெதையும் தாங்கவில்லை, கதவுக்கு மேலே லிண்டல் என்று ஒரு கான்கிரீட் உத்திரம் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம்.

தங்கதுரை கற்பகத்தின் பக்கம் திரும்பினார்.

"மனசு கேக்காமச் சொல்றீங்க, எனக்குத் தெரியுதுங்க்கா. நாளைக்கி இன்னொரு ஊட்டுல ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"தங்கதொர, அந்த வழியாத்தான் நானே நடந்து போனேன். எனக்கே தெரியில. ஒரு கதவு இருந்திருந்தா யாராச்சும் ஒருத்தரு அங்க உக்காந்திருப்பாங்க. அவுரு வெரல மடக்கறத யாராச்சும் பாத்திருப்பாங்க."

 பின்னால் யாரோ தணிந்த குரலில், அன்னைக்குச் செவுரு கேட்டதே அவங்கதானே என்றார்கள். கற்பகத்தின் காதிலும் அது விழுந்தது.

"நாந்தான் கேட்டேன். இப்ப வேண்டாங்கறதும் நாந்தான்" என்றாள்.

கை தூக்கச் சொன்னார்கள். கதவுக்கு அவள் கை ஒன்றுதான் எழுந்தது. பிரதீப் கையைப் பாதி தூக்கியவன், பக்கத்தில் இருந்த மனைவியின் வயிற்றைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான். அவளுக்கு அது ஏழாம் மாதம். சுவரை உயர்த்துவது என்று முடிவானது. கற்பகத்துக்காக ஒன்று மட்டும் ஒத்துக்கொண்டார்கள். செடிகளை எடுத்துவிடுவது. அதிலும் ஒருவர், போட்டோவுல பூவுதானே அழகு என்று முனகினார்.

அடுத்த வாரம் ஆட்கள் வந்து இட்லிப்பூச் செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். நெருக்கமாக நட்டதால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தன. ஒன்றை இழுத்தால் நான்கு சேர்ந்து வந்தன. கற்பகம் பாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நிமி காரை முக்கிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தாள். 

"சொவரு மொட்டையாத் தெரியக் கூடாதுன்னுதான் வச்சேன்க்கா" என்றாள் நிமி.

"நல்லாத்தான் இருந்துச்சு அம்மிணி."

ஆட்கள் எரு மண்ணை அள்ளிவிட்டு, பாத்தியைக் கெட்டிக் கான்கிரீட் போட்டு மட்டம் தட்டினார்கள். சாரத்தில் ஏறிய கொத்தனார் சுவரின் தலையில் புதுச் செங்கல் வரிசையை வைக்க ஆரம்பித்தார். கலவை சொட்டும், தள்ளி நில்லுங்க என்று மேலேயிருந்து சொன்னார். இப்போது சுவரின் அடி முழுக்கத் திறந்து கிடந்தது. முக்கிலிருந்து பார்த்தால்கூட அங்கே ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் தெரியும். கற்பகம் திரும்பிப் பாதையைக் கோடி வரைக்கும் பார்த்தாள். அதில் யாரும் வரவில்லை.

நிமி கிளம்பிப் போனாள். மறுநாள் காலை ஆட்டோவுக்குப் பாத்திரம் கழுவி வைக்க வேண்டியிருந்தது. கற்பகம் சேலையில் ஒட்டிய சிமெண்டுத் தூசியைத் தட்டிவிட்டு, சுவரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.